ஸ்பேருக்கு ஒரு டப்பா

என் பெண்டாட்டி செந்தாமரை தினமும் காலையில் இரண்டு டப்பா கட்டுவாள். ஒன்று எனக்கு. இன்னொன்று, நான் நேரத்தோடு வேலைக்குப் போய்ச் சேராவிட்டால் என் இடத்தில் உள்ளே நுழையக் காத்திருப்பவனுக்கு. அப்படிக் காத்திருப்பவன் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவளுடைய சொந்தத் தம்பி, குமரவேல்.

இரண்டு டப்பாவிலும் ஒரே சோறு, ஒரே குழம்பு என்றுதான் அவள் சொல்வாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டில் முட்டை வாங்குகிறோம். என் டப்பாவில் முட்டை வருவதில்லை. மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நெய்வேலி சுரங்கத்தில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு மைல்கணக்கில் ஓடுகிற பெல்ட் இருக்கிறதே, அது ஓடுகிற ஓட்டத்தில் கீழே சிந்தும். சிந்தியதை வாரி மறுபடி அதன் மேலேயே போட வேண்டும். அது மறுபடி சிந்தும். பெல்ட்டும் நானும் இப்படி ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் பல வருஷம் குடித்தனம் நடத்திவிட்டோம். பெல்ட் பர்மனன்ட். நான் கான்ட்ராக்ட்.

எங்கள் கான்ட்ராக்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கேட்டுக்கு வெளியே சூப்பர்வைசர் அருண்ராஜ் தலையை எண்ணுவார். எங்கள் குரூப்பில் ஒரு தலை குறைந்தால், எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிற ஸ்பேர் ஆட்களில் ஒருவனைக் கைகாட்டுவார். அவன் அன்றைக்கு மட்டும் உள்ளே போவான். கல்யாணப் பந்தியில் நாம் உட்கார்ந்து சாப்பிடும்போது நம் முதுகுக்குப் பின்னால் இலைக்காக நிற்பார்களே, அந்தப் பார்வையோடு ஸ்பேர் ஆட்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாம் மோர் வாங்கினால் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். அதுபோலத்தான், ஒரு ஆள் வர நேரமானால் மரத்தடியில் முகங்கள் மலரும். ஒரே மாதத்தில் மூன்று முறை நேரம் தப்பினால் கேட் பாஸ் புதுப்பிக்கும்போது நம் பேர் இருக்காது. ஸ்பேரில் ஒருவன் பேர் இருக்கும்.

அந்த மாதம் எனக்கு இரண்டு ஆகிவிட்டிருந்தது. இரண்டுக்கும் காரணம் பஞ்சர்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சுரங்க கேட் வரைக்கும் எனக்குச் சைக்கிள்தான். முந்திரித் தோப்புக்கு நடுவே கொஞ்ச தூரம், கருவேல முள்ளுக்கு நடுவே கொஞ்ச தூரம், டிப்பர் லாரிக்காரன் நம்மை மனுஷனாக மதிக்காத மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம். அப்புறம் டவுன்ஷிப் நுழைவு வளைவைத் தாண்டிவிட்டால் மரநிழலும் வழுவழு ரோடும். அந்த வழுவழு ரோட்டில் கம்பெனி பஸ் என்னைத் தாண்டிப் போகும். ஜன்னலோரத்தில் பர்மனன்ட் ஆட்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். எனக்கு அவர்கள் சம்பளத்தின் மேல் பொறாமை இல்லை. அந்தத் தூக்கத்தின் மேல்தான்.

கருவேல முள் மாதம் ஒரு தடவை என் டியூபைக் குத்தும். அது இயற்கை. இயற்கையோடு மனிதன் போராடித்தான் முன்னேறினான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் நானும் போராடினேன்.

தேய்ந்து கிழிந்த பெல்ட்டை அறுத்து எங்கள் பக்கத்தில் குவித்து வைத்திருப்பார்கள். மேலே ரப்பர், நடுவில் இரும்புக் கம்பி, கீழே ரப்பர். கம்பிக்கு மேலே இருக்கிற ரப்பரை மட்டும் நீளமாக ஒரு பட்டை உரித்து, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைத்து ஒட்டிவிட்டால்? மலையையே சுமக்கிற ரப்பர். அதைத் தாண்டி எந்த முள் வரும்? ஒரு மத்தியானம் உரித்தேன். வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டை விட்டு வெளியே வந்தேன். பிள்ளை பெற்றவள் வயிறு கட்டியதுபோல நிமிர்ந்து நடந்தேன். எங்கள் இடத்திலிருந்து ஒரு நட்டு வெளியே போனாலும் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கண்டுபிடிப்பாளனுக்குச் சட்டம் கண்ணில் படாது.

சைக்கிளை கேட்டுக்கு உள்ளே இருக்கிற ஷெட்டில்தான் நிறுத்துவோம். ஆக, திருடிய பொருளைத் தினமும் காலையில் திரும்பக் கொண்டுவந்து, சாயங்காலம் மறுபடி எடுத்துக்கொண்டு போன ஒரே திருடன் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு வாரம் ராஜா மாதிரி போனேன். முள்ளைத் தேடித் தேடி ஏற்றினேன். அப்புறம் பஞ்சர் ஆரம்பித்தது.

மாதம் ஒன்று இருந்தது வாரம் இரண்டு ஆனது. வளைவுக்கு முன்னால் சின்னதுரை கடை இருக்கிறது. ஆனால் அவனிடம் டயரைக் கழற்றக் கொடுக்க முடியாது. கழற்றினால் உள்ளே பெல்ட்டைப் பார்ப்பான். சின்னதுரை பார்த்தால் நெய்வேலியின் எல்லா பிளாக்கும் பார்த்த மாதிரி. அதனால் நானே ரோட்டோரம் குந்தி, ஒரு பக்கம் மட்டும் டயரை நெம்பி, டியூபை உருவி, ஒட்டுப்போட்டு, திருப்பித் திணித்தேன். ஒரு தடவை டயருக்குள் விரலை விட்டுத் தடவியதில் சுருக்கென்று குத்தியது. முள் என்று விரலைச் சப்பிக்கொண்டேன். அதற்கப்புறம் தடவவில்லை. பட்டையைத் தாண்டி எதுவும் வர முடியாது என்பது தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை எதற்குத் தடவிப் பார்க்க வேண்டும்?

முள்ளால் வர முடியாது என்றால் பக்கவாட்டில்தான் குத்தியிருக்க வேண்டும். பக்கவாட்டில் குத்த முள்ளுக்கு மூளை கிடையாது. மனிதனுக்குத்தான் உண்டு. என் ஆராய்ச்சி இந்த இடத்தில் மனிதர்கள் பக்கம் திரும்பியது.

முதலில் சின்னதுரை.

"ரோட்டுல ஆணியப் போட்டுட்டு கடையத் தொறந்து வச்சிக்கினு ஒக்காந்திருக்கியா?" என்றேன், கடையில் நாலு பேர் இருக்கும்போது.

அவன் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "நீ எங்கிட்ட கடைசியா எப்ப பஞ்சர் போட்ட?"

"போடல."

"அப்ப ஒனக்காவ நான் ஏன் ஆணி போடப்போறேன்? லூசா நானு?"

"நீ லூசுன்னு நான் சொல்லல. ஒன் வாயாலதான் வருது."

நாலு பேரும் சிரித்தார்கள். சின்னதுரை டியூபைத் தொட்டியில் விட்டுவிட்டு எழுந்தான். "இந்தா மணிமாறா, நல்லாக் கேட்டுக்க. இனிமே இந்தக் கடையில ஒனக்கு காத்துகூட கெடயாது. உசுரே போனாலும் கெடயாது."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதது எனக்குப் பிறவிக் கோளாறு. குமரவேலும் நானும் பேச்சை விட்டதற்கும் அதுதான் காரணம். சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "மாமா, சைக்கிள ஓரமா வுடுங்க. பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிக்கினு போயிடுவான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஊரையே கேலி பண்ணுகிறவனைத் திருப்பிக் கேலி பண்ணினால் அவனுக்கு வருகிற கோபம் தனி. "என் சைக்கிளுக்கு பெட்ரோல் வேணாம். ஒனக்கு வேலையே வேணாம்" என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து முடித்து அப்ரண்டிஸும் முடித்துவிட்டு, எங்கேயும் எடுக்காமல் வீட்டில் இருந்தான் அப்போது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிடாமல் போய்விட்டான். அடுத்த வாரம் மரத்தடியில், ஸ்பேர் ஆட்களோடு வந்து நின்றான்.

பெல்ட் பட்டையை நான் டயருக்குள் வைத்ததும் ஏறக்குறைய அதே வாரம்தான். ஆனால் இந்த இரண்டில் எனக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது.

"ஒன் தம்பிதான்" என்றேன் செந்தாமரையிடம். அவள் இரண்டு டப்பாவையும் மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னா என் தம்பி?"

"ராத்திரி வந்து ஊசியால குத்திட்டுப் போறான். நான் லேட்டானா அவன் உள்ள போவலாம் பாரு."

"அவன் பத்து மணிக்கு படுத்தா இடி வுழுந்தாலும் எழமாட்டான். சின்னப் புள்ளையிலேருந்தே அப்புடி."

"பாசம் கண்ண மறைக்குது."

"ஒங்களுக்கு இன்னா மறைக்குது?" என்றாள். "ரெண்டு பேருல எவனாச்சும் ஒருத்தன் உள்ள போனா வூட்டுல ஒல கொதிக்கும். அத வுட்டுட்டு வெளில நின்னு அடிச்சிக்கினு சாவாதீங்க."

அன்றைக்கு ராத்திரியிலிருந்து சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றினேன். எங்கள் வீட்டில் சைக்கிளை உள்ளே வைத்தால் ஒருவர் வெளியே படுக்க வேண்டும். நான் வெளியே படுத்தேன். சைக்கிள் பேனுக்கு அடியில் படுத்தது. அப்படியும் இரண்டு நாள் கழித்து பஞ்சர்.

"இப்ப இன்னா சொல்றீங்க? ஊசி எடுத்துக்கினு ஓட்டப் பிரிச்சி எறங்குனானா?" என்றாள் செந்தாமரை.

"வழியில குத்தறான். மோட்டார் சைக்கிள்ல தாண்டிப் போறப்ப."

"ஓடற சைக்கிள ஓடற வண்டியிலேருந்தா?"

"பிட்டர் படிச்சவன். செய்வான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், பதினாறு வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு வரன் வந்ததாக அடிக்கடி சொல்வாளே, அந்த ஆள் தெரிந்தான்.

மாதக் கடைசி. இன்னும் ஒரு நாள் நேரம் தப்பினால் பாஸ் போய்விடும். அன்றைக்குக் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினேன். முந்திரித் தோப்பைத் தாண்டினேன். கருவேலத்தைத் தாண்டினேன். மெயின் ரோட்டையும் தாண்டினேன். வளைவு கண்ணுக்குத் தெரிகிறது. மனசுக்குள் ஒரு பாட்டுகூட வந்துவிட்டது. புஸ்ஸென்று சத்தம் கேட்டது.

பின் சக்கரம். இறங்கிப் பார்த்தேன். ரிம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒட்டுப்போட நேரம் இல்லை. தள்ளிக்கொண்டு ஓடினால் எப்படியும் கேட் மூடிவிடும். பஸ்ஸில் தூங்குகிற முகங்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. நான் சைக்கிளை எட்டி உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

அப்போதுதான் பின்னால் குமரவேலின் வண்டிச் சத்தம் கேட்டது. தினமும் என்னைத் தாண்டும்போது ரோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போவான். நான் சைக்கிளை நடுரோட்டில் குறுக்கே நிறுத்தினேன். அவன் பிரேக் போட்ட வேகத்தில் ஹாண்டிலில் மாட்டியிருந்த டப்பாப் பை ஊசலாடியது.

"சாவறதுக்கு வேற வண்டி கெடைக்கலையா ஒனக்கு?" என்றான். மாமா என்று கூப்பிடவில்லை.

"ஊசிய எங்கடா வச்சிருக்க?"

"இன்னா ஊசி?"

"நடிக்காத. ஒரு மாசமா குத்தறியே, அந்த ஊசி. இதோட மூணாவது. இன்னிக்கு நீதான் உள்ள போவப்போற. சந்தோஷமா போ. போறதுக்கு முன்னாடி ஊசியக் காட்டிட்டுப் போ."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நானு? ஒன் சைக்கிளக் குத்தி? ஒன் வேலைய வாங்கறதுக்கு?" அவன் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தான். "மண்ணு வார்ற வேலைக்கு. மூணு வருஷம் பைல் புடிச்சி இரும்ப ராவி கை காச்சிப்போயி படிச்சிட்டு, ஒன் மண்வெட்டிக்காவ ஊசி எடுத்துக்கினு அலையறேனா நானு?"

"பின்ன யாரு?"

"பாத்துருவோம். வா."

சைக்கிளை என் கையிலிருந்து பிடுங்கி, பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னதுரை கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். நான் பின்னால் ஓடினேன். "வேணாம்டா. டயரக் கயட்டாத. டயரு வேணாம்" என்று கத்தினேன். அப்படிக் கத்தியதுதான் அவனுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

சின்னதுரை எங்களைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டான். "இந்தாளுக்கு இங்க காத்துகூட கெடயாதுன்னு சொல்லியிருக்கேன்."

"இவருக்கு இல்லண்ணே. எனக்கு" என்றான் குமரவேல். "என் பேருல கயட்டு. எனக்குத் தெரியணும்."

தன்னைத் திட்டியவனின் டயரைத் திறந்து பார்க்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சின்னதுரை சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தான். நான் டயரின் மேல் கையை வைத்தேன். என் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நெம்பினான். முழு டயரும் கழன்று வந்தது. அதற்குள்ளிருந்து என் கண்டுபிடிப்பு, பாம்பு சட்டையை உரித்ததுபோல நீளமாகத் தொங்கியது.

கடைக்கு வெளியே வெயில் நன்றாக அடித்தது. பட்டையின் உள்பக்கம் முழுக்க மினுமினுவென்று இருந்தது. உரிக்கும்போது ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்த கம்பி இழைகள். தலைமுடி மாதிரி மெல்லிசு. சக்கரம் உருள உருள ரப்பர் தேய்ந்து, ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி, என் டியூபை உள்ளேயிருந்தே குத்திக்கொண்டு இருந்திருக்கின்றன. வெளியிலிருந்து முள் வராமல் காவல் காத்த வீரன், வீட்டுக்குள் இருந்தவர்களை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

சின்னதுரை பட்டையைத் தூக்கிப் பார்த்தான். டியூபைப் பார்த்தான். டியூபில் வரிசையாக என் ஒட்டுகள், கோயில் சுவரில் வறட்டி தட்டியதுபோல. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தான். எழுந்திருக்க முடியாமல் சிரித்தான்.

"நான் ஆணி போட்டேன்... நான்... ஆணி..." என்று அவனால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

குமரவேல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது எனக்குத் தேவலை. பட்டையை வாங்கி விரலால் ஒரு தடவை தடவிவிட்டு என் கையைப் பார்த்தான். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு சொல்யூஷன் காய்ந்துபோன கை.

ரோட்டில் நிறுத்திய வண்டியை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து, "ஏறு" என்றான்.

"சைக்கிளு?"

"அது இங்க கெடக்கட்டும். ஏறுன்றேன்."

சின்னதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினான். "யோவ், அந்தக் கருமத்த எடுத்துக்கினு போங்க. செக்யூரிட்டி ஜீப்பு இந்தப் பக்கம் வரும். பெல்ட்டு என் கடையில கெடந்தா நான் இல்ல உள்ள போவணும்?"

குமரவேல் அதைச் சுருட்டித் தன் டப்பாப் பையில் திணித்தான். போகிற வழியில் எங்காவது புதரில் வீசிவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் வீச நின்றால் நேரம் போய்விடும். டவுன்ஷிப் ரோட்டில் கம்பெனி பஸ்களை எல்லாம் நாங்கள் முந்தினோம். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஜன்னலோரத்துத் தூக்கத்தைத் தாண்டிப் போனேன். ரசிக்கத்தான் முடியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவனின் முதுகு அவ்வளவு விறைப்பாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் உள்ளே போனது.

அருண்ராஜ் எண்ணி முடிக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். "வந்துட்டியா மணிமாறா?" என்றார். "இன்னிக்கு ஒன் பேர அடிச்சிடலாம்னு பேனாவத் தொறந்துட்டேன்." அருண்ராஜ் டிப்ளமா படித்த சின்ன வயசுக்காரர். என்னைவிட இளையவர். வேலையில் அது கணக்கில் வராது.

எங்கள் குரூப்பில் ஒருவனுக்குக் காய்ச்சல். "ஒரு ஸ்பேர் வா" என்றார். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் குமரவேலைக் கைகாட்டினார். ஆக இரண்டு பேருக்கும் அன்றைக்கு வேலை. செந்தாமரைக்கு இது தெரிந்தால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பாள் என்று நினைத்துக்கொண்டே பாஸைக் காட்டி உள்ளே போனேன். பைக்குள் இருந்த பட்டை இரண்டு பேருக்கும் மறந்தே போயிருந்தது.

நிலக்கரி தீப்பிடிக்கிற சமாச்சாரம் என்பதால் பீடி, தீப்பெட்டி உள்ளே போகக் கூடாது. ஸ்பேர் ஆட்களின் பையை மட்டும் கொட்டிப் பார்ப்பார்கள். செக்யூரிட்டிக்காரர் திருநெல்வேலிப் பக்கம். குமரவேலின் பைக்குள் கையை விட்டார். "ஸ்ஸ்" என்று கையை உதறினார். விரல் நுனியில் ரத்தப் பொட்டு. அப்புறம் பைக்குள்ளிருந்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது.

"என்னடே இது?"

குமரவேல் பையின் வாயை இழுத்து மூடப் பார்த்தான்.

"பெல்ட்டை வெளிய கொண்டு போறவனைப் பிடிச்சிருக்கேன். உள்ள கொண்டு வாறவனை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை. எங்கருந்துடே எடுத்த?"

குமரவேல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் உள்ளே இருந்தேன். எங்களுக்கு நடுவில் கம்பிக் கதவு. ஒரு விரலை நீட்டினால் போதும் அவனுக்கு. இன்றைக்கே என் பாஸ் அவனுக்கு. ஊசி எதுவும் வேண்டாம்.

"வழியில கெடந்துச்சி சார்" என்றான். "மாட்டுக் கொட்டாயில விரிக்க ஆவுமேன்னு எடுத்தேன்."

"கெடந்துச்சா? கம்பெனி பெல்ட் ரோட்ல கெடக்குமாடே? அருண்ராஜ், இவன் பேரைக் குறிச்சுக்கிடுங்க. இனிமே இந்த கேட் பக்கமே வரக் கூடாது இவன்."

என் கால் நகர மறுத்தது என்று எழுதத்தான் ஆசை. நகர்ந்தது. ஷெட்டைப் பார்த்துப் பத்தடி நன்றாகவே நகர்ந்தது. பின்னால் செக்யூரிட்டிக்காரர் பட்டையைத் தூக்கிப் பிடித்து, "மாட்டுக்கு விரிக்கவாம்! இத்தனை அகலத்துல எந்த மாடுடே படுக்கும்? அறிவு வேண்டாம்?" என்று சொல்லி, மரத்தடி ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். காதுகுத்தில் சிரித்த அதே சிரிப்பு. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. என் கண்டுபிடிப்பை மாட்டுக் கொட்டகையில் சேர்க்கிறார்களே என்றுதான் பொறுக்க முடியவில்லை என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

"அது மாட்டுக்கு இல்லீங்க" என்றேன். "டயருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"சைக்கிள் டயருக்குள்ள வைக்கிறதுங்க. முள்ளு குத்தாம இருக்க. நான்தான் உரிச்சேன். அவனுக்கு ஒன்னும் தெரியாது. கண்டுபுடிச்சதே இன்னிக்குக் காலையிலதான்."

"முள்ளு குத்தாம இருக்கவா?" என்று செக்யூரிட்டிக்காரர் தன் விரலைப் பார்த்தார்.

"அதுல சின்ன ஒரு கொறை இருக்குதுங்க" என்றேன்.

அருண்ராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எழுதிக் குடுத்துடவா சார்?" என்று செக்யூரிட்டிக்காரரைக் கேட்டார். "எழுதுனா, இது எப்ப வெளிய போச்சின்னு கேப்பாங்க. அன்னிக்கு கேட்ல யார் டூட்டின்னும் கேப்பாங்க. எங்க கான்ட்ராக்டரையும் கூப்புட்டு வச்சி கேப்பாங்க."

செக்யூரிட்டிக்காரர் சிறிது நேரம் மரத்தைப் பார்த்தார். மரத்தில் ஒன்றும் இல்லை.

"உள்ள இருந்து போன சாமான் உள்ளயே வந்துட்டுல்லா?" என்றார் கடைசியில். "அந்தக் குவியல்ல போட்டுட்டுப் போங்க. ஆனா இந்த ஆளு கண்ணுல படக் கூடாது."

அருண்ராஜ் என் பாஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "வெளில நில்லு மணிமாறா. ஸ்பேர்ல. ஒரு ரெண்டு மாசம் போவட்டும், பாக்கலாம்." அப்புறம் குமரவேலைப் பார்த்து, "நீ இவரு எடத்துல போட்டுக்க. மண்வெட்டி அங்க இருக்கு" என்றார்.

மண்வெட்டியின் பிடியில் நான் துணி சுற்றி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு போகும்போது குமரவேல் திரும்பிப் பார்க்கவில்லை.

செந்தாமரையிடம் சாயங்காலம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "மூள இருக்கறவன் எவனாச்சும் டயருக்குள்ள இரும்ப வைப்பானா?" என்றாள். அவ்வளவுதான். ராத்திரி சைக்கிள் இல்லாததால் பேனுக்கு அடியில் எனக்கு இடம் கிடைத்தது.

மறுநாள் காலையில் அவள் இரண்டு டப்பா கட்டினாள். குமரவேல் வாசலில் வந்து ஹாரன் அடித்தான். அக்கா சொல்லியிருப்பாள். ஏறி உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம் விட்டுத்தான். சின்னதுரை கடையைத் தாண்டும்போது என் சைக்கிளைக் கடை வாசலில் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தான். பஞ்சர் போட வருகிறவனுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருப்பான் என்பது அவன் கை ஆட்டுவதிலிருந்தே தெரிந்தது.

குமரவேல் உள்ளே போனான். நான் மரத்தடிக்குப் போனேன்.

"வா மணிமாறா வா" என்றான் ஸ்பேரில் ஒருவன். "இன்னா டயரக் காணும்?"

"இவரப் பக்கத்துல வுடாதடா. குத்துவாரு" என்றான் இன்னொருவன்.

பதிலுக்குச் சொல்ல நாக்கு நுனியில் மூன்று வந்தது. மூன்றையும் முழுங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. ருசியாக ஒன்றும் இல்லை. செக்யூரிட்டிக்காரர் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்பக்கமாக உட்கார்ந்தேன். மத்தியானம் வரைக்கும் ஸ்பேரை யாரும் கூப்பிடவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று தெரிந்தது. இங்கே உட்கார்ந்தால் ஊசியால் குத்துகிற யோசனை உண்மையிலேயே வருகிறது. குமரவேல் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த இடம் இது.

டப்பாவைத் திறந்தேன். சோறு. சோற்றை ஒதுக்கினேன். அடியில், பொரித்து மடித்து வைத்த முட்டை. இளஞ்சூடு இன்னும் இருந்தது.

ஆணி, ஊசி, சின்னதுரை, குமரவேல் என்று நான் சந்தேகப்பட்டதெல்லாம் தப்பாகப் போனது. முட்டை மட்டும் சரி. ஆனால் அதிலும் ஒரு பாதிதான் சரி. அவள் தம்பிக்கு வைக்கவில்லை. வெளியே நிற்கிறவனுக்கு வைத்திருக்கிறாள். மெதுவாகத் தின்றேன். வேறு எப்படியும் தின்ன முடியவில்லை.

சாயங்காலம் குமரவேல் முகமெல்லாம் பழுப்புத் தூளோடு வெளியே வந்தான். கை கொப்பளித்திருந்தது. வண்டியை எடுக்கும்போது கவனித்தேன். பின் டயர் தரையோடு கொஞ்சம் பரந்து உட்கார்ந்திருந்தது. காற்று இறங்குகிறது. நாளைக் காலையில் இது பாதி வழியில் படுத்துக்கொள்ளும். நாளைக்கு நான் வேறு யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வந்துவிட்டால், மரத்தடியில் நிற்கிறவன் நான். நேரம் தப்புகிறவன் அவன். யாரும் ஊசியைத் தொட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வாயை மூடிக்கொண்டிருப்பது என் குடும்பத்திலேயே கிடையாது.

"பின் டயரு எறங்குது" என்றேன். "சின்னதொர கடையில நிறுத்து."

"அங்கதான் ஒனக்கு காத்துகூட கெடயாதே."

"எனக்கு இல்ல. ஒனக்கு."

அவன் என்னைப் பார்த்தான். வண்டியை மெதுவாக விட்டான்.

சின்னதுரை என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு டயருக்குப் பக்கத்தில் குந்தினான். நாங்கள் இருவரும் எதிரும் புதிருமாக நின்று, தலைக்கு மேலே தொங்குகிற என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டயருக்குள் விரலை விட்டுத் தடவி, "முள்ளுதான். நெஜமான முள்ளு" என்று சின்னதுரை எடுத்துக் காட்டினான்.

குமரவேல் தொண்டையைச் செருமினான்.

"மாமா."

"ம்?"

"இன்னிக்கு ஒங்க டப்பாவுல முட்ட இருந்துச்சா?"

"இல்லையே" என்றேன்.